லண்டன் சின்னத்தில் இருப்பது வாட் டைலரை வெட்டிய கத்தியா?

வைகைக்கரை
நேற்று புரட்சிகள் பற்றிய இழையில் தேம்ஸ்கரை ஐயா போகிற போக்கில் இப்படி எழுதியிருந்தார்: "வாட் டைலர் இரண்டு நாள் லண்டனைக் கொளுத்தினார், மூன்றாம் நாள் செத்தார். அவர் மிச்சம் வைத்துப் போனது லண்டன் மாநகரச் சின்னத்தில் இருக்கும் கத்தி ஒன்றுதான், அவரை வெட்டிய மேயரின் கத்தி." 1381-இல் தலைக்கட்டு வரியை எதிர்த்து இங்கிலாந்தில் கிளம்பிய விவசாயிகள் கலகத்தின் தலைவர்தான் இந்த டைலர். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை, மேல் மூலையில் சிவப்பாக ஒரு வாள். அந்தச் சின்னத்தின் கேடயத்தில் இருப்பது இவ்வளவுதான். அந்த வாள் புனித பவுலின் வாள். பவுல் வாளால் வெட்டிக் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. லண்டனின் காவல் புனிதரும் அவர்தான். 1381 ஏப்ரல் 17-லேயே அந்தச் சின்னம் புழக்கத்தில் இருந்தது. லண்டனின் ஸ்மித்ஃபீல்டில் மேயர் வில்லியம் வால்வொர்த் டைலரை வெட்டியது 1381 ஜூன் 15. ஏப்ரலில் இருந்த வாள் ஜூனில் நடந்த கொலைக்கு எப்படி நினைவாகும்?

தேம்ஸ்கரை
தம்பி, நான் இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் மதுரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு லண்டன் சின்னத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள். லண்டன் பாலத்தின் ஓரத்தில் மீன் வணிகர் சங்கத்தின் மண்டபம் இருக்கிறது. வால்வொர்த் மீன் வணிகர். அவருடைய குறுவாள் என்று ஒன்றை அங்கே இன்றும் வைத்திருக்கிறார்கள். கையில் குறுவாளுடன் அவருக்கு மரச்சிலையும் உண்டு. கலகக்கார டைலரைக் கொன்றதற்காக மன்னர் அந்தக் குறுவாளை நகரச் சின்னத்துக்கு வழங்கினார் என்று சிலையின் கீழே பாட்டாகவே எழுதியிருக்கிறது. நானே நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்தீர்களா?

வைகைக்கரை
பார்க்கவில்லை. அந்தச் சிலை 17-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது, சம்பவம் நடந்து முந்நூறு வருடம் கழித்து. செய்தவர்கள் யார்? வால்வொர்த்தின் சொந்தச் சங்கத்துக்காரர்கள். தங்கள் ஆளைப் பற்றித் தாங்களே எழுதி வைத்த பாட்டு எப்படி சாட்சி ஆகும்?

அந்தச் சங்கத்துக்கு இது பழைய வேலை. 1616-இல் மீன் வணிகர் ஒருவர் மேயரானபோது, பதவியேற்பு ஊர்வலத்தில் வால்வொர்த் வேடமிட்டவரைக் கல்லறையிலிருந்து எழுப்பிப் பேச வைத்தார்கள்.

லண்டனில் பிறந்து லண்டனிலேயே செத்த ஜான் ஸ்டோ 1598-இல் அந்த நகரத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதில் இதே கதையை எடுத்து, சின்னத்தில் இருப்பது பவுலின் வாள், வால்வொர்த்தின் குறுவாள் என்பது கட்டுக்கதை என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லி நானூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏப்ரல் 17, ஐயா.

புதுவரவு
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த டைலர் தையல்காரரா? எங்கள் தெருவில் ஒரு கடைப் பலகையில் 'டைலர்' என்றுதான் எழுதியிருக்கிறது.

கிழக்குவாசல்
இல்லை. இவர் கூரைக்கு ஓடு வேய்கிறவர். தையல்காரர் என்றால் டெய்லர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் தொழிலே பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

தேம்ஸ்கரை
அதுவும் உறுதியில்லை. ஓடு வேய்ந்தாரா, அப்பன் வேய்ந்தாரா, யாருக்குத் தெரியும்? மெய்ட்ஸ்டன் ஊர்க்காரர் என்கிறது ஒரு ஏடு, எஸ்ஸெக்ஸ்காரர் என்கிறது இன்னொன்று. அவருடைய வாழ்க்கையில் நமக்குத் தெரிந்தது ஒரு வாரம், கூடிப்போனால் பத்து நாள். அப்படிப்பட்ட ஆளுக்கு என்ன பாரம்பரியம் இருக்க முடியும் என்றுதான் கேட்டேன்.

வைகைக்கரை
நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. கத்தி ஒன்றுதான் மிச்சம் என்று எழுதினீர்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

அப்புறம், தெரியாமல் போனது ஏன்? அந்த ஜூன் மாதத்தைப் பற்றி எழுதி வைத்தவர்கள் எல்லாம் மடத்துத் துறவிகளும் அரண்மனைக்கு வேண்டியவர்களும்தான். வால்சிங்கம், நைட்டன், ஃப்ருவாசார், பெயர் தெரியாத அனோனிமாலே ஏட்டுக்காரர், ஒருவர்கூட டைலரின் பக்கம் இல்லை. அவர் மன்னர் முன்னால் தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்ததைக்கூட அநாகரிகம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஜூன் வெயிலில் தொண்டை வறண்டு வந்தவர் வாய் கொப்பளித்தார், அவ்வளவுதான். பதினாலு வயது ராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, சகோதரனே என்று அழைத்ததையும் குற்றமாகத்தான் எழுதினார்கள். எனக்கு அந்த ஏட்டில் பிடித்த இடமே அதுதான். முழங்காலைப் பாதி மடக்கினார், முழுக்க மண்டியிடவில்லை.

அப்படி எழுதியவர்களே அவர் கேட்டதையும் மறைக்க முடியாமல் எழுதிவிட்டார்கள். பண்ணையடிமை என்று இனி ஒருவரும் இருக்கக்கூடாது, மன்னரைத் தவிர ஆண்டைகள் வேண்டாம், திருச்சபையின் சொத்தை மக்களுக்குப் பிரித்துக் கொடு. 1381-இல் இதைக் கேட்டவரைப் பற்றித்தான் மிச்சம் ஒரு கத்தி என்கிறீர்கள். அந்தக் கத்தியும் அவருடையதில்லை, கொன்றவனுடையது. கொன்றவனுடையதும் இல்லை, பவுலுடையது!

சுண்ணாம்புச்சுவர்
வைகைக்கரை, உருகுவதற்கு முன்னால் ஃப்ளெமிஷ்காரர்களையும் (இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஆட்கள்) கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 14 அன்று பிழைக்க வந்த அயல்நாட்டவர்கள் உயிருக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஒளிந்தார்கள். உங்கள் புரட்சியாளர்கள் முப்பத்தைந்து பேர் வரை வெளியே இழுத்துத் தலையை வெட்டினார்கள். அவர்கள் ஆண்டைகளா? நெசவு போலக் கைத்தொழில் செய்தவர்கள். நானும் வெளியூரில் பிழைக்கிறவன்தான், அதனால் எனக்கு இது சின்ன விஷயமில்லை.

பேராயர் சைமன் சட்பரியின் தலையை எட்டு வெட்டு வெட்டித்தான் எடுத்தார்கள். அந்த மண்டையோடு சஃபோக் மாவட்டத்தில் அவர் பிறந்த சட்பரி ஊர்த் தேவாலயத்தில் இன்னும் இருக்கிறது. அதுவும் டைலர் விட்டுப்போனதுதானே?

தேம்ஸ்கரை
சரியாகச் சொன்னீர்கள் சுண்ணாம்பு. மண்டையோடு ஒன்று, கத்தி ஒன்று.

வைகைக்கரை
ஃப்ளெமிஷ்காரர்கள் கொல்லப்பட்டது கொடுமை. அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். லண்டன்வாசிகளே பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்ட இடம் அது. ஆனால் இந்த இழை சின்னத்தில் இருக்கும் வாளைப் பற்றியது. தேம்ஸ்கரை ஐயா, மறுபடி "கத்தி ஒன்று" என்கிறீர்கள். ஏப்ரல் 17.

சுண்ணாம்புச்சுவர்
"நியாயப்படுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே லண்டன்வாசிகள் மேல் பழியைப் போட்டாயிற்று. இன்னொரு கலகத் தலைவரான ஜாக் கேட் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள். 1450-இல் கேட் லண்டனைக் கொள்ளையடித்ததைப் பற்றிக் கேட்டேன், மூன்று வாரமாகியும் பதில் இல்லை.

வைகைக்கரை
ஜாக் கேட் இழையில் நான் ஆறு பத்தி பதில் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

கிழக்குவாசல்
நான் கிழக்கு லண்டனில்தான் இருக்கிறேன். மருத்துவமனை வேலைக்குப் போகும்போது வாரத்தில் நான்கு நாள் ஸ்மித்ஃபீல்ட் வழியாகத்தான் நடப்பேன். விடியற்காலை இருட்டில் இறைச்சி லாரிகள் நிற்கும், ரத்தக் கறை படிந்த வெள்ளை மேலங்கியோடு ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். எதிரே செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைச் சுவர். வெட்டுப்பட்ட டைலரை அந்த மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். வால்வொர்த் ஆளை அனுப்பி வெளியே இழுத்துவரச் செய்து தலையை வெட்ட வைத்தார்.

அங்கே 2015 ஜூலையில் பலகைக்கல்லில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். திரைப்பட இயக்குநர் கென் லோச் திறந்து வைத்தார். எல்லாம் பொதுவாகும் வரை இங்கிலாந்து உருப்படாது என்ற, கலகக்காரர்களின் பாதிரியார் ஜான் பாலின் வாசகம் அதில் இருக்கிறது. மழை நாளில் கல் கறுத்து, எழுத்து மட்டும் தெரியும். பக்கத்திலேயே ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் நினைவுக்கல். அங்கே எப்போதும் பூவும் கொடியும் இருக்கும். டைலர் கல்லுக்குக் கீழே நான் பூவே பார்த்ததில்லை. ஒரு நாள் நான் வாங்கி வைத்தேன்.

பாரம்பரியம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இது எந்தப் பக்கம் சேரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வைகைக்கரை
என் பக்கம்தான் சேரும் அக்கா. மன்னரிடம் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனம் வாங்கிய ரன்னிமீடில் பிரபுக்களுக்கு நினைவுச் சின்னம் தகும் என்றால் ஸ்மித்ஃபீல்டில் டைலருக்கும் தகும் என்று புரட்சி எழுத்தாளர் தாமஸ் பெயின் 1792-இல் எழுதினார். கல் வர இருநூற்று இருபத்து மூன்று வருடம் ஆயிற்று. மறந்துபோன ஆளுக்கு யார் இத்தனை காலம் காத்திருந்து கல் வைப்பார்கள்?

தேம்ஸ்கரை
பெயின் சொன்னார், இன்னொருவர் சொன்னார். எழுத்தாளர்கள் தங்கள் தேவைக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்வார்கள். ராபர்ட் சௌதி என்ன செய்தார்? வாலிப வயதில் டைலரைப் புகழ்ந்து நாடகம் எழுதினார், பிறகு அரசவைக் கவிஞராகிப் பழையதை ஒளித்து வைத்தார். இதுதான் உங்கள் பாரம்பரியத்தின் லட்சணம்.

வைகைக்கரை
பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1794-இல் எழுதிய அந்த நாடகத்தை 1817-இல் வேறொருவர் அவர் அனுமதியில்லாமல் அச்சடித்து விற்றார். சௌதி தடை கேட்டு நீதிமன்றம் போனார். ராஜதுரோக எழுத்தாக இருந்தால் அதற்குச் சட்டம் காவல் நிற்காது என்று நீதிபதி எல்டன் பிரபு தடை தர மறுத்துவிட்டார். அரசின் கவிஞர் அரசின் நீதிமன்றத்திலேயே தோற்றார்! மலிவுப் பதிப்புகள் ஆயிரக்கணக்கில் விற்றன, நாடாளுமன்றத்தில் அவரைக் கட்சிமாறி என்று ஏசினார்கள். எழுதியவரே அமுக்க நினைத்தும் டைலர் அமுங்கவில்லை.

சுண்ணாம்புச்சுவர்
சௌதி பாவம். இருபது வயதில் எழுதியதை வைத்து நாற்பது வயதில் அடிப்பது என்ன நியாயம்? நம் கல்லூரிக் கவிதைகளை யாராவது அச்சடித்தால் நாம் சும்மா இருப்போமா?

வைகைக்கரை
நான் இருப்பேன். அன்று எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை.

தேம்ஸ்கரை
அதுதான் பிரச்சினையே. 1990-ஐயும் நீங்கள் இழுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பிரதமர் தாட்சர் தலைக்கட்டு வரி கொண்டுவந்தபோது எல்லோரும் டைலர் பெயரைச் சொன்னார்கள். மார்ச் 31 டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் நடந்தபோது என்னுடைய மாமா அந்தப் பக்கம் கடையில் வேலை பார்த்தார். கடைக் கண்ணாடி போனது. டைலர் பெயரைச் சொன்னவர்கள் யாரும் வந்து கண்ணாடி மாற்றித் தரவில்லை.

கிழக்குவாசல்
கண்ணாடி போனது வருத்தம்தான். ஆனால் 1380-இல் நாடாளுமன்றம் போட்டது தலைக்கு பன்னிரண்டு பென்னி. 1377-இல் நான்கு பென்னியாக இருந்தது. பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் தலைக்கணக்கு ஒன்றே. 1990-இலும் மாளிகைக்காரருக்கும் ஒற்றை அறையில் இருப்பவருக்கும் ஒரே தொகை. ஆறு நூற்றாண்டு கழித்தும் அதே தப்புக்கு அதே பெயர் வாயில் வந்தது என்றால், அந்தப் பெயர் எங்கோ உள்ளே இருந்திருக்கிறது.

தேம்ஸ்கரை
பெயர் இருக்கட்டும் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் மதுரைத் தம்பி சொல்வதுபோல மீன் வணிகர் மண்டபத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் பொய்யர்கள் இல்லை. ஒரு நகரம் இவ்வளவு காலம் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே வந்தால் அதுவே வரலாறுதான். சின்னத்தில் இருப்பது டைலரை வெட்டிய கத்தி என்று இங்கே டாக்சி ஓட்டுகிறவரே சொல்வார்.

வைகைக்கரை
முதலில் "அதுதான் அந்தக் கத்தி" என்றீர்கள். இப்போது "அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? சொல்லிக்கொள்கிறார்கள் என்று நேற்றே எழுதியிருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்கவே மாட்டேன்.

தேம்ஸ்கரை
நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. கத்தி கத்திதான்.

புதுவரவு
வாளா, குறுவாளா? தமிழில் கத்தி என்றால் இரண்டும்தானே. அப்படியானால் இரண்டு பேர் சொல்வதும் சரியாகிவிடாதா?

வைகைக்கரை
ஆகாது. வாள் பவுலுடையது, ஏப்ரலிலேயே இருந்தது. குறுவாள் வால்வொர்த்துடையது, ஜூனில் வந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். வால்வொர்த் கழுத்திலும் தலையிலும் வெட்டினார். அதன் பிறகு மன்னரின் ஆள் ஒருவன் உடம்பில் வாளைப் பாய்ச்சினான் என்று அனோனிமாலே ஏட்டிலேயே இருக்கிறது. கொன்ற பெருமைகூட முழுசாக அந்த மீன் வணிகருக்குச் சேராது.

சுண்ணாம்புச்சுவர்
ஃப்ளெமிஷ்காரர்களைப் பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

தேம்ஸ்கரை
அடுத்த முறை மண்டபத்துக்குள் பொதுமக்களை விடும் நாளில் போய், அந்தப் பாட்டைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். அதுவரை நான் எழுதியதை நீக்குவதாக இல்லை.

வைகைக்கரை
போடுங்கள். சிலை செய்த வருடத்தையும் விசாரித்து எழுதுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.