ஹாக்கியில் யாரை எவ்வளவு நேரம் ஆட விடுவது?

வணக்கம். கிருஷ்ணகிரியில் சாயங்காலம் பள்ளிப் பையன்களுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறேன். மொத்தம் 16 பேர். கோல்கீப்பரோடு சேர்த்து களத்தில் 11 பேர்தான். பெனால்டி கார்னர் (தடுக்கும் அணி செய்த தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) நேரம் தவிர எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். சரி, யாரை மாற்றுவது?

கோல் அடிப்பவனையே விட்டுவைத்தால், பந்து பறிபோனதும் திரும்பி ஓடிவந்து மறிக்கிற பையன் பெஞ்சில் வாடுகிறான். எனக்கென்னவோ அவன்தான் முக்கியம். பர்கூரிலிருந்து பஸ் ஏறி ஒருநாள் தவறாமல் வருகிறவனும் அவனே. கோல்காரன் பயிற்சிக்கு வருவது ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை! அவன் அப்பா வேறு போன் மேல் போன்.

வருகை, தடுப்பாட்டம், மூச்சு வாங்காமல் ஓடுவது, இதில் எதை முதலில் பார்ப்பீர்கள்? கடைசி 15 நிமிடத்துக்கு மட்டும் கணக்கை மாற்றுவீர்களா? அனுபவமுள்ள கோச் அண்ணன்மார்கள், அக்காமார்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்.