கிராக்சைடு: பார்க்க வேண்டியது மாளிகையா, கொட்டகையா?

செந்தூரன்: இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் இருக்கும் கிராக்சைடு என்ற பழைய மாளிகைக்குப் போய் வந்தேன். கூட வந்தவர்கள் மாளிகையைச் சுற்றிவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. கீழே பள்ளத்தில், தண்ணீரால் டர்பைனைச் சுற்றி வீட்டுக்கு மின்சாரம் எடுக்க 1886இல் கட்டிய பர்ன்ஃபுட் பவர் ஹவுஸ் என்ற கொட்டகை இருக்கிறது. அதைப் பார்க்காமல் வந்தால் கிராக்சைடைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது.

மலர்விழி: ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. செங்குத்தான பாறைச் சரிவில் அந்த வீட்டைக் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா 1869இலிருந்து பதினைந்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார். டர்பைன் வேறு ஊர்களிலும் உண்டு. அப்படி ஒரு வீடு எங்கே இருக்கிறது?

செந்தூரன்: வீட்டுக்குள்ளேயே வருகிறேன் அக்கா. நூலகத்தில் எனாமல் பூசிய செம்புச் சாடிகள் நான்கு உண்டு. 1880இல், மின்பல்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோசஃப் ஸ்வானின் பல்புகளை அவற்றின் மேல்தான் பொருத்தினார்கள். அடியில் பாதரசக் கிண்ணம். அதன் வழியாக மின்சாரம் ஏறும். சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், திரும்ப வைத்தால் எரியும். சுவிட்ச்சே கிடையாது! பர்ன்ஃபுட் வருவதற்கு முந்தைய அந்த மின்சாரம் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஓடைத் தண்ணீர் சுற்றிய டைனமோவிலிருந்து வந்தது. லிஃப்ட்டும் சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியும்கூடத் தண்ணீரில்தான் ஓடின.

காத்தவராயன்: இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். வீட்டுக்காரர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் பீரங்கி செய்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்புக்குமே அவருடைய கம்பெனி விற்றது. ஆயுதம் வாங்க வந்த அயல்நாட்டு விருந்தினர்களை உட்காரவைத்த வீடு இது. பல்பைப் பார்த்து வியக்கிறவர்கள் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

செந்தூரன்: கேட்கலாம் ஐயா, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் முதலில் பேர் வாங்கியது தண்ணீர் அழுத்தத்தில் ஓடும் கிரேனால். ஓடையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பீரங்கி பின்னால் வந்தது.

காத்தவராயன்: பின்னால் வந்ததுதான் பெரிய பணம்.

மலர்விழி: அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஷாவின் வேலையைக் குறைத்துப் பேசாதீர்கள். சாடி விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. அடுத்த முறை நூலகத்திலிருந்து தொடங்கி, அப்புறம் ஓடைக்கு இறங்குகிறேன்.