எக்ஸிட் கிரைட்டீரியா: தமிழில் எப்படிச் சொல்வது? (அவசரம்)

லாஸ்பேட்டை ஆசிரியை:
வணக்கம். மென்பொருள் சோதனைப் பாடத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன், திங்கட்கிழமை வகுப்பில் கொடுத்தாக வேண்டும். 'எக்ஸிட் கிரைட்டீரியா'வில் வந்து நிற்கிறேன். நிரலில் இத்தனை சதவீதமாவது சோதனையில் ஓடியிருக்க வேண்டும், கடுமையான பிழை ஒன்றுகூடத் தீராமல் இருக்கக் கூடாது, புதுப் பிழை அகப்படுவது குறைந்திருக்க வேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைத்து, அதெல்லாம் தேறியதும் சோதனையை நிறுத்தி வெளியிடுவார்களே, அது. 'வெளியேறும் அளவுகோல்' என்று போட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மஞ்சக்குப்பம்:
'சோதனை நிறைவு விதி' போடுங்க மேடம். எல்லாருக்கும் புரியும்.

நெல்லித்தோப்பு, சோதனையாளர்:
'நிறைவு' மட்டும் வேண்டாம். சோதனை நிறைவதே இல்லை. பிழை இருப்பதைத்தான் அது காட்டும், இல்லை என்று காட்டாது என்பதைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969லேயே சொல்லிவிட்டார். இன்னொரு கணினி அறிஞர் நூத் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பாருங்கள், பிழை திருத்தத் திருத்தப் பதிப்பு எண் வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது, 2021இல் வந்தது 3.141592653. நாமாகத்தான் நிறுத்துகிறோம், பல இடங்களில் தேதி வந்துவிட்டது என்பதற்காகவே நிறுத்துகிறோம். அதனால் 'நிறுத்த வரையறை'.

திருப்பாதிரிப்புலியூர், புலவர்:
'விதி' வடசொல். 'வரையறை' ஏற்கெனவே இலக்கணத்துக்கும் கணக்குக்கும் போய்விட்டது. 'நிறுத்தம்' என்றால் பேருந்துதான் நினைவுக்கு வரும். 'பதம்' இருக்கிறதே அம்மா! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சோதனையும் மாதிரி பார்ப்பதுதானே? 'சொல்' என்று பொருள்படும் வடமொழிப் பதம் வேறு, பக்குவத்தைக் குறிக்கும் இந்தப் பதம் வேறு. பதன், பதப்படுத்து எல்லாம் இதன் வழி, பதனீரும் இதிலிருந்தே வந்தது என்பது என் கட்சி. எளிதில் அணுகும் நிலையை வள்ளுவர் 'எண்பதம்' என்கிறாரே, அதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

மஞ்சக்குப்பம்:
ஐயா, அது பதநீர். பதனீர் இல்லை.

புலவர்:
இரண்டு வழக்கும் உண்டு. தனி மடலில் விளக்குகிறேன்.

சோதனையாளர்:
பதநீரை விடுங்கள். பானையில் எல்லா அரிசியும் ஒரே தீயில் வேகிறது, நிரல் அப்படி வேகாது. ஏரியன் 4 ராக்கெட்டில் ஒழுங்காக ஓடிய நிரலை ஏரியன் 5க்கு எடுத்துப் போட்டார்கள், புதிய ராக்கெட்டின் பாதையை வைத்து அதைச் சோதிக்கவில்லை, 1996இல் முதல் பயணத்திலேயே ஒரு நிமிடம் ஆகுமுன் வெடித்தது. ஒரு சோறு பார்த்த கதைதான். 'பதம்' என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

மஞ்சக்குப்பம்:
அப்போ 'நிறுத்த வரம்பு'? எட்டினால் நிறுத்து, அவ்வளவுதானே.

சோதனையாளர்:
ம். முழு மனது இல்லை, ஆனால் தப்பாக எதையும் சொல்லவில்லை. சரி.

ஆசிரியை:
நன்றி, 'நிறுத்த வரம்பு' என்றே போடுகிறேன், பக்கத்தில் எக்ஸிட் கிரைட்டீரியாவும் இருக்கும், தேர்வில் அதுதான் வரும். புலவர் ஐயா கோபிக்கக் கூடாது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று குறள் 671 சொல்கிறது, துணிந்த பிறகு தாமதிப்பது தீது என்றும் அதிலேயே இருக்கிறது.

புலவர்:
வரம்பு வயலுக்கு. ஆனால் நல்ல குறளை எடுத்துக் கொடுத்தீர்கள் அம்மா, ஆராய்ந்து முடித்து எடுக்கும் முடிவுதானே 'துணிவு'? நாம் தேடும் சொல்லே அதுதான். அச்சுக்குக் கொடுத்துவிட்டீர்களா?