முதுகுவலியும் இறந்தகாலமும்: புதிதாக வந்த தங்கச்சிக்கு

முள்ளியவளையிலிருந்து போன மாதம் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த தங்கச்சி ஒருவர், ஆங்கில இறந்தகாலம் வாயில் வரவே மாட்டேன் என்கிறது, சொற்களும் போதவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். நான் கிளிநொச்சி. வந்து 9 வருடமாகிறது. பட்டதைச் சொல்கிறேன்.

முதற் குளிர்காலத்தில் முதுகுவலி என்று டாக்டரிடம் போனேன். ஊரில் என்ன வேலை என்று கேட்டார். "காலபோகத்தில் வயல் செய்வோம், நெல்மூட்டை தூக்குவோம்" என்று மனதில் ஓடியதை அப்படியே "வி வில் லிஃப்ட் பேக்ஸ்" என்று கொட்டிவிட்டேன். மனிதர் பதறிப்போனார். இந்த முதுகோடு மூட்டை தூக்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நான் விட்டுவந்த வேலை அவர் காதில் இனிச் செய்யப்போகும் வேலையாக விழுந்திருக்கிறது. நம் "தூக்குவோம்" பழைய வழக்கத்தையும் சொல்லும், நாளைக்கு நடக்கப்போவதையும் சொல்லும். ஆங்கில "வில்" அப்படிப் பழைய கதை சொல்லாது. அங்கே "யூஸ்ட் டு" போடவேண்டும்: "வி யூஸ்ட் டு லிஃப்ட் பேக்ஸ்". ஊர்ப் பேச்சு முழுக்க இந்த "செய்வோம், போவோம்" தான் என்பதால் முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"டிட் நாட் வென்ட்" என்று வந்துவிடுகிறதா? "போகவில்லை" என்பதைப் பிரித்துப் பாருங்கள். போக, இல்லை. "போனேன்" என்பதில் இருக்கும் இறந்தகாலம் அதில் எங்கே? ஆங்கிலத்திலும் காலத்தை "டிட்" வாங்கிக்கொள்கிறது, பின்னால் வெறும் "கோ" போதும்.

"அவர் நேற்று வந்திருக்கிறார்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் "யெஸ்டர்டே" வந்தால் "ஹாஸ் கம்" வராது, "கேம்" தான். எழுத்தைப் பார்த்து "வாக்கெட்" என்று வாசிக்கவும் வேண்டாம், அது "வாக்ட்". டகர ஒலியில் முடியும் "வாண்ட்", "நீட்" போன்றவற்றுக்குத்தான் தனி அசை: வாண்டட், நீடட்.

சொற்களுக்கு நானும் பட்டியல் போட்டு மனனம் செய்தேன். ஒரு கிழமை தங்கவில்லை. பிறகு ஊர்க்கதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன்; எங்கே நா தடுக்கிறதோ அந்தச் சொல்தான் நமக்கு வேண்டிய சொல். இரணைமடுவைப் பற்றி வகுப்பில் சொல்லப்போய், வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய "டேங்க்" இருந்தது என்றேன். இலங்கை ஆங்கிலத்தில் அது குளம். இங்கே மீன்தொட்டி, இல்லாவிட்டால் பீரங்கி வண்டி. போர் நடந்த வன்னியிலிருந்து வந்தவன் சொன்னால் எதை நினைப்பார்கள்! வகுப்பே அமைதியாகிவிட்டது. ஆசிரியை "ரிசர்வாயர்" என்று பலகையில் எழுதினார். அணைக்கட்டு, மதகு, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே சொல் கேட்டுக் கொப்பியில் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கான அந்த ஆங்கில வகுப்புக்கு லிங்க் (LINC) என்று பெயர், கட்டணமில்லை. நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் போகலாம். குடியுரிமை எடுத்துவிட்டால் சேர முடியாது. குடியுரிமைக்கோ, 18 முதல் 54 வயதுவரை உள்ளவர்கள் பேசுவதிலும் கேட்பதிலும் கனடிய மொழி அளவுகோலில் (CLB) 4ஆம் மட்டம் காட்டவேண்டும். ஆகவே வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் மட்டம் பார்க்கும் சோதனை வைப்பார்கள். அதற்கு நாள் கேட்டு இந்தக் கிழமையே பதிந்துவிடுங்கள்.