எதிர்மறைக் கூற்றுகள் தனிக் காரணியாகப் பிரிகின்றன: நீக்குவதா, வைத்திருப்பதா?

பயிற்சி நிலையிலுள்ள உளவள ஆலோசகர்கள் தம் தவறுகளை மேற்பார்வையாளரிடம் எவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறார்கள் என்பதை அளக்க, 24 கூற்றுகளோடு எவ்வளவு உடன்படுகிறார்கள் என்று 5 புள்ளிகளில் கேட்கும் லைக்கர்ட் அளவுகோல் ஒன்றை எட்டு மாதங்களாக உருவாக்கி வருகிறேன். வல்லுநர் அறுவர் உள்ளடக்கத்தைச் சரிபார்த்த பின் 212 பேரிடம் தரவு திரட்டினேன். நம்பிக்கை, வெளிப்படுத்தல் என இரண்டு காரணிகளை (ஒன்றாகச் சேரும் கூற்றுகளின் பின்னுள்ள பொதுப் பண்புகளை) எதிர்பார்த்த இடத்தில், காரணிகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் இணைப் பகுப்பாய்வு மூன்றைக் காட்டுகிறது. மூன்றாவதில் எதிர்மறையாக எழுதப்பட்ட 6 கூற்றுகள் மட்டுமே சேர்ந்துள்ளன.

எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்களைச் சரியாகத் திருப்பியிருக்கிறேனா என்று இருமுறை பார்த்தேன், காரணிகள் ஒன்றோடொன்று தொடர்புற இடமளிக்கும் சாய்வுச் சுழற்சியின் வகையை மாற்றினேன், இத்தகைய வரிசைத் தரவுக்கு ஏற்ற பாலிகோரிக் தொடர்புக் கெழுவையும் பயன்படுத்தினேன், முடிவு மாறவில்லை. கூற்றுகளின் உள் ஒத்திசைவைக் காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.88 வந்தாலும் அது காரணி அமைப்புக்குச் சான்றாகாது. "என் தவறை மறைத்தேன்" போன்ற, ஆய்வின் உயிராக நான் கருதும் கூற்றுகள் அந்த ஆறில்தான் உள்ளன.

இவற்றை நீக்கிவிட்டுப் புதிய பங்கேற்பாளர்களிடம் எதிர்பார்த்த அமைப்பு தரவுக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்கும் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வுக்குச் செல்வதா, அல்லது வைத்துக்கொண்டு முறைசார் காரணி (கருத்தால் அன்றி, கூற்றுகள் எழுதப்பட்ட விதத்தால் வரும் காரணி) ஒன்றைச் சேர்ப்பதா?