மறு: நிறுத்தப்பட்ட தொடர் ரசிகர்களின் வேண்டுகோளால் இணையத்தில் தொடர்வது – இதற்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. தக்கலை அண்ணாச்சி ‘புத்துயிர்த்தொடர்’ என்றார். முளகுமூட்டு டீச்சர் ‘உயிர்ப்புத்தொடர்’ என்றார். சுசீந்திரம் புலவர் ஐயா ‘மீட்புத்தொடர்’ தந்தார். நான் ‘மீள்தொடர்’ என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தேன். காரணம் கேட்டு மூவரும் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் பிடித்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, 2011 ஏப்ரலில், இரண்டு பகல்நேரத் தொடர்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒன்று 1970இல் தொடங்கிய ‘ஆல் மை சில்ட்ரன்’. மற்றது 1968இல் தொடங்கிய ‘ஒன் லைஃப் டு லிவ்’. இரண்டையும் உருவாக்கியவர் ஆக்னஸ் நிக்சன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கதைகள். தாய் பார்த்ததை மகள் பார்த்து, மகள் பார்த்ததைப் பேத்தி பார்த்தவை. அந்த நேரத்தில் இனி ஒரு சமையல் நிகழ்ச்சியும், உடல்நலம், உடை பற்றிய இன்னொரு நிகழ்ச்சியும் வரும் என்றார்கள். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், விளம்பரதாரர்களிடம் முறையிட்டார்கள். ஹூவர் என்ற வாக்குவம் கிளீனர் நிறுவனம் அவர்கள் பக்கம் நின்று, ஏபிசியிலிருந்து தன் விளம்பரங்களையே விலக்கிக்கொண்டது. 1930களில் சோப்பு நிறுவனங்கள் தங்கள் சரக்கை வீட்டுப் பெண்களிடம் கொண்டு சேர்ப்பதற்காக வானொலியில் பணம் போட்டு வளர்த்த வடிவம் இது. ‘சோப் ஓப்ரா’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். எந்தப் பெண்களை வெறும் வாங்குபவர்களாக எண்ணினார்களோ அவர்கள் விளம்பரதாரரையே அசைத்துக் காட்டியதை நான் பெரிய செயலாக மதிக்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலையிலேயே பிராஸ்பெக்ட் பார்க் என்ற நிறுவனம் இரண்டு தொடர்களையும் இணையத்தில் தொடர உரிமம் பெற்றது. நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டது. பிறகு மறுபடி கையிலெடுத்து, கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபர்டில் படப்பிடிப்பு நடத்தி, 2013 ஏப்ரல் 29 அன்று ஹூலு, ஐடியூன்ஸ் ஆகிய இணையத் தளங்கள் வழியாக வெளியிட்டது. ஒரு மணி நேரம் அரை மணியாகச் சுருங்கியிருந்தது. பழைய நடிகர்கள் பலர் திரும்ப வந்தார்கள். முதலில் ஒவ்வொன்றும் வாரத்துக்கு நான்கு பகுதிகள்; இணையத்தில் யாரும் தொலைக்காட்சிபோல நாள்தோறும் உட்கார்ந்து பார்க்கவில்லை, சேர்த்துவைத்துப் பார்க்கிறார்கள் என்று கண்டு, மே மாதத்திலேயே இரண்டாகக் குறைத்தார்கள். செப்டம்பருக்குள் இரண்டும் நின்றன. 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் திவாலானதாக அறிவித்தது.

இதில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விவரம் இருக்கிறது. பிராஸ்பெக்ட் பார்க் அந்தக் கதைகளை விலைக்கு வாங்கவில்லை. நம் பக்கத்தில் வீட்டை ஒற்றிக்கு எடுப்பதுபோல எடுத்தது. வீட்டுக்காரரிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், சுவரில் வெள்ளை அடிக்கலாம், முற்றத்தில் செம்பருத்தி வைக்கலாம். பத்திரம் அவர் பெட்டியில்தான் இருக்கும். இடையில் ஏபிசியின் இன்னொரு தொடரான ‘ஜெனரல் ஹாஸ்பிட்ட’லுக்கு ‘ஒன் லைஃப்’ பாத்திரங்கள் சிலர் போயிருந்தார்கள். அங்கே அவர்களில் சிலரைச் சாகடித்துவிட்டார்கள் என்று சொல்லி, இணைய வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு பிராஸ்பெக்ட் பார்க் ஏபிசிமீது வழக்கே போட்டது. யாருடைய பாத்திரம், யார் கொல்லலாம் என்று நீதிமன்றத்தில் கேட்கவேண்டி வந்த கதைக்கு நாம் பெயர் தேடுகிறோம்.

ஆஸ்திரேலியத் தொடர் ‘நெய்பர்ஸ்’ இதைவிட விரிவான சான்று. 1985இல் செவன் நெட்வொர்க் தொடங்கி அதே ஆண்டில் கைவிட்டது. 1986இல் நெட்வொர்க் டென் எடுத்துக்கொண்டது. அதைப் பிரிட்டனில் ஒளிபரப்பிவந்த சேனல் 5 விலகியதால் 2022 ஜூலையில் பெரிய வழியனுப்புதலோடு முடித்தார்கள். அந்த நவம்பரிலேயே அமேசான் முன்வந்து, 2023 செப்டம்பரில் தன் இலவச இணையத் தளமான ஃப்ரீவீயில் மறுபடி தொடங்கியது. 2025 பிப்ரவரியில், அந்த ஆண்டு இறுதியோடு நிறுத்துவதாக மீண்டும் அறிவிப்பு. நின்று, தொடர்ந்து, நின்று, தொடர்ந்து, நின்றிருக்கிறது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘புத்துயிர்’, ‘உயிர்ப்பு’ இரண்டும் ஒரு சாவை முன்வைத்துக்கொண்டு தொடங்குகின்றன. கருங்கல் பக்கத்தில் என் மைனி வேலை பார்க்கும் முந்திரி ஆலையில், தொலி உரிக்கும் கூடத்தில் நான் கேட்ட பேச்சை வைத்துச் சொல்கிறேன். பெண்கள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, சிறு கத்தியின் நுனியால் பருப்பின் சிவப்புத் தொலியைக் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள். பருப்பு உடைந்தால் தரம் குறையும் என்பதால் கண் எடுக்க முடியாது, வாய் மட்டும் ஓயாது. முந்தைய நாள் மின்சாரம் போனவர்களுக்காக ஒருத்தி கதை சொல்வாள். வசனம், அழுகை, அடுத்து வரும் விளம்பரம் வரைக்கும் விடாமல் சொல்வாள். அவர்கள் விரும்பிப் பார்த்த தொடர் ஒன்றை, கதாநாயகியின் தங்கை பிரசவத்துக்குப் போயிருந்த நிலையில், சேனல்காரர்கள் திடீரென்று எதையோ ஒட்டவைத்து முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தக் கூடத்தில் கதை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை ஆணா பெண்ணா, மாமியார் வந்து பார்த்தாளா, பெயர் என்ன வைத்தார்கள் என்றெல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை போட்டார்கள். அந்த நாடகம் செத்துவிட்டது என்று ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை. ‘நின்றுபோயிற்று’ என்றுதான் சொன்னார்கள். (வீட்டில் நாம் எல்லோரும் ‘நாடகம்’ என்றுதான் சொல்கிறோம். ‘தொடர்’ என்பது செய்தித்தாளின் சொல். ஆனால் கலைச்சொல்லுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, விட்டுவிட வேண்டாம்.)

நின்றதற்கு எதிர்ச்சொல் தொடர்வது. அந்தப் பெண்கள் விரும்பியதும் அதைத்தான். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும், அவ்வளவே. சன் தொலைக்காட்சியின் ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. டிசம்பரில் மறுபடி வந்தபோது ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று பெயர் வைத்தார்கள். அது அதே சேனலில் வந்ததால் நம் வரையறைக்குள் வராது. இருந்தாலும் சின்னத்திரைக்காரர்களுக்கே இயல்பாக நாவில் வந்த வினை எது என்று பாருங்கள்.

‘உயிர்ப்பு’ பற்றி இன்னொன்று. டீச்சர், நம் குமரி மாவட்டத்தில் ஏராளமான வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டதும் உயிர்ப்பு ஞாயிறுதான் (ஈஸ்டர்) நினைவுக்கு வரும். ஏற்கெனவே முழுப் பொருளோடு வாழ்கிற ஒரு சொல்லை இதற்கு இழுத்து வருவதை நான் விரும்பவில்லை.

புலவர் ஐயாவின் ‘மீட்புத்தொடர்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ரசிகர்களின் உழைப்பு அதில் தெரிகிறது என்ற அவருடைய வாதம் வலுவானது. மீள்வது தானாக நடப்பது, மீட்பது ஒருவர் செய்வது என்ற வேறுபாட்டையும் அழகாக விளக்கியிருந்தார். ஆனால் தூத்தூர்த் தம்பி எழுதியதை நாம் எல்லோரும் படித்தோம். அவருடைய வரியை அப்படியே ஒட்டுகிறேன்:

“ஒக்கிக்குப் பிறகு எங்கள் ஊரில் மீட்பு என்ற சொல்லை யாரும் லேசாகச் சொல்வதில்லை. டிவி நாடகத்துக்கு அது வேண்டாம் ஐயா.”

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது நம் கடற்கரை ஊர்கள் நாள்கணக்கில் அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் சாலையில் உட்கார்ந்திருந்தன. வராதவர்கள் வரவே இல்லை. கலைச்சொல்லுக்கு இலக்கணம் மட்டும் போதாது, அது புழங்கப்போகிற மண்ணையும் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தம்பி கேட்டுக்கொண்ட பிறகு இந்தச் சொல்லை இங்கிருந்து முன்மொழிய என்னால் முடியாது. ஐயாவும் மறுநாளே பெருந்தன்மையோடு விலக்கிக்கொண்டார்கள், நன்றி.

அதன் பக்கத்தில் நிற்கும் ‘தொடர்மீட்சி’யை யோசித்தேன். ஆள், ஆட்சி, நீள், நீட்சி, மீள், மீட்சி. இலக்கணம் சுத்தம். ஆனால் செய்தித்தாளில் ‘தொடர் மழை’, ‘தொடர் விடுமுறை’ என்று படித்துப் பழகிய கண் அதை ‘இடைவிடாத மீட்சி’ என்று படித்துவிடும். பொருளாதாரப் பக்கத்தில் வந்தால் பங்குச்சந்தை ஏறுகிறது என்றே நினைப்பார்கள்.

ஆகவே ‘மீள்தொடர்’. இது வினைத்தொகை. மீண்ட தொடர், மீள்கின்ற தொடர், மீளும் தொடர் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். ‘நெய்பர்ஸ்’போல மூன்று தடவை நின்றதை, இனி எப்போதாவது திரும்பக்கூடியதை, காலம் குறிக்காத இந்தச் சொல் மாற்றம் இல்லாமல் தாங்கும். திரும்ப வந்தது என்பதற்கு மேல் இது எதையும் உறுதி கூறவும் இல்லை. ‘ஆல் மை சில்ட்ரன்’ சில மாதங்களில் மறுபடி நின்றது. அதைப் புத்துயிர் என்று எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் திவால் என்று எழுதும்போது கை தயங்குகிறது. மீள்தொடர் என்று எழுதினால் அந்தத் தயக்கம் வருவதில்லை.

இதன்மேல் வந்த தடைகள் இரண்டு.

ஒன்று புலவர் ஐயா எழுப்பியது. ளகரத்தின் முன் தகரம் வந்தால் டகரமாகத் திரியும் என்பது நன்னூல் விதி; அப்படியானால் ‘மீடொடர்’ என்றல்லவா வரவேண்டும்? விதிப்படி சரிதான், ஐயா. ஆனால் ‘நாடோறும்’ என்று எழுதிய தமிழில்தான் இன்று ‘நாள்தோறும்’ என்றும் எழுதுகிறோம். ‘மீடொடர்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு மீள் என்ற பகுதி கண்ணில் படாது. புதிய சொல்லுக்கு அதன் உறுப்புகள் வெளியே தெரிவது அவசியம். பழகிய பிறகு வேண்டுமானால் திரியட்டும்.

அடுத்தது அண்ணாச்சி கேட்டது. இலங்கைத் தமிழில் மீள்குடியேற்றம், மீள்பதிவு என்று ‘மீள்’ முன்னொட்டாக வருகிறதே, பழைய பகுதிகளைத் திரும்பப் போடுவது என்று இதை எடுத்துக்கொள்ள மாட்டார்களா? இதைக் கொஞ்சம் கவனமாகத்தான் பார்க்க வேண்டும். பழையதை அப்படியே போடுவதற்கு ‘மறுஒளிபரப்பு’ என்ற சொல் ஊறிப்போயிருக்கிறது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று, சன் தொலைக்காட்சியில் ‘மெட்டி ஒலி’ திரும்ப வந்தபோது பத்திரிகைகள் அப்படியே எழுதின. அதே பெயரில் வேறு கதையோடு வருவது ‘இரண்டாம் பாகம்’. ‘சித்தி 2’ அப்படி வந்தது. இந்தியில் 2021இல் ஜீ5 தளத்துக்காக ‘பவித்ர ரிஷ்தா’வைப் புதிதாக எடுத்தார்களே, அதற்கு ‘மறுஆக்கம்’ போதும். இந்த இடங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. விட்ட இடத்திலிருந்து அதே கதை வேறு தளத்தில் போவதற்கு மட்டும்தான் இருக்கை காலி. அங்கே ‘மீள்தொடர்’ உட்கார்ந்தால் யாரோடும் மோதாது என்பது என் கணிப்பு.

கூடவே ஒரு துணைச்சொல்லையும் முன்வைக்கிறேன். கதை முடியாமல் சேனல் நிறுத்திவிட்ட தொடருக்கு ‘முறிதொடர்’. எழுத்தாளரே திட்டமிட்டு முடித்தால் அது ‘நிறைவு’. இந்த இரண்டையும் நம் பத்திரிகைகள் ஒன்றாகவே ‘முடிவுக்கு வந்தது’ என்று எழுதுகின்றன. ஆலைக் கூடத்துப் பெண்களுக்குத் தெரிந்த வேறுபாடு அச்சில் காணாமல் போகிறது. முறிதொடர் எல்லாம் மீள்தொடர் ஆவதில்லை. 1937இல் வானொலியில் தொடங்கிய ‘கைடிங் லைட்’ 2009இல் நிறுத்தப்பட்டது, திரும்பவே இல்லை.

ரசிகர்களின் இயக்கத்துக்குத் தனிச்சொல் வேண்டுமா என்று டீச்சர் கேட்டிருந்தார். ‘பரப்புரை’ தேர்தல் நெடி அடிக்கிறது. ‘தொடர்கோரல்’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே நிறைவு இல்லை. உரிமம் எடுத்தவருக்கும் பணம் போட்டவருக்கும் பெயர் இருக்கிறது, கடிதம் எழுதிய பெண்களின் செயலுக்குப் பெயர் இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. டீச்சர், உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள்தான் இன்று இந்த வேலையை அதிகம் செய்கிறார்கள்.

‘மீள்தொடர்’, ‘முறிதொடர்’ இரண்டையும் வரையறையோடும் சொல்லுக்கு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் தமிழக அரசின் கலைச்சொல் தளமான சொற்குவைக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். வாக்கியங்களை அண்ணாச்சி எழுதித் தந்தால் நல்லது, அவர் தமிழ் சிக்கல் இல்லாதது. புலவர் ஐயா, புணர்ச்சி பற்றி ஒரு குறிப்பும் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். தூத்தூர்த் தம்பிக்கு இந்தச் சொல் சம்மதம்தானா என்று அவர் எழுதிய பிறகு அனுப்புவோம்.

அன்புடன்,
கருங்கல்லிலிருந்து