கடனில் நொடித்துப்போன நண்பனிடம் எப்படிப் போய் நிற்பது?

தறிக்காரன், செவ்வாய்ப்பேட்டை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் நண்பன் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருந்தான். வெள்ளி விலை ஏற ஏற ஆர்டர் குறைந்து, வட்டிக்கு வாங்கி ஓட்டிப் பார்த்து, கடைசியில் பட்டறையை மூடிவிட்டான். இப்போது ஆராதனைக்கும் வருவதில்லை, போனும் எடுப்பதில்லை. சபையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், அந்தக் கூச்சமாக இருக்கும். நேரில் போனால் சங்கடப்படுவானோ? பணம் கொடுக்கலாம் என்றால் எனக்கு வருவதும் தறிக் கூலிதான்.

ஏற்காடு அக்கா:
தம்பி, நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். பைபிளில் 2 தீமோத்தேயு முதல் அதிகாரம் எடுத்துப் பாருங்கள். ஆசியாவில் இருந்தவர்கள் சிறைப்பட்ட பவுலை விட்டு விலகிப்போன நேரத்தில், ஒநேசிப்போரு என்ற நண்பர் ரோமாபுரிக்கு வந்து அவரைத் தேடிக் கண்டுபிடித்தார், பவுலின் விலங்கைப் பார்த்து வெட்கப்படவும் இல்லை. உங்கள் நண்பனுக்குக் கடன்தான் விலங்கு. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் விழுந்து படுத்திருந்தபோது பக்கத்து லைன் வீட்டம்மா ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அரிசியைப் பானையில் கொட்டி, பையை உதறி மடித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார், ஏன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த மாதிரி போங்கள்.

சூரமங்கலம் அண்ணன்:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது. குளிரில் நிற்கிறவனிடம் "குளிர்காயுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபு தன் நிருபத்தில் கேட்கிறார் அல்லவா? யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 2003-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. யாராவது மிரட்டினால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் இலவசம். கடன்காரர் வருகிற நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தாலே அவருக்குத் தெம்பு. இன்னொன்று, தயவுசெய்து சபையில் பெயர் சொல்லி ஜெபக்குறிப்பு கொடுத்துவிடாதீர்கள், அவருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும் மானமும் போய்விடும்.

மலையடிவாரம்:
எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. "எங்கே தப்பு பண்ணினாய்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள் பிரதர்.

தறிக்காரன், செவ்வாய்ப்பேட்டை:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போகிறேன். தட்டுவடை செட் என்றால் அவனுக்கு உயிர், வாங்கிக்கொண்டே போகிறேன். அப்புறம் அண்ணே, அந்த ஆணைக்குழுவுக்குப் போகும்போது என்னென்ன பேப்பர் எடுத்துப் போக வேண்டும்?